மேற்குத் துண்டில் புல்

கிரேன்டால், வடக்கு டகோட்டா
6 ஏப்ரல் 1992

அன்புள்ள அல்வினாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தம்பி நன்றாகத் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. வாசலில் பூட்ஸைக் கழற்றச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது.

மேற்குத் துண்டு நிலத்துக்கான காகிதங்களை இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் பாதிக்கு நீங்கள் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். புதிதாக ஒன்றுமில்லை. உழ மாட்டோம், விதைக்க மாட்டோம், மேய்க்க மாட்டோம், வெட்ட மாட்டோம், புல்லைப் புல்லாகவே விட்டுவைப்போம் என்று வருடாவருடம் எழுதிக் கொடுப்பதுதான். அக்டோபரில் அரசாங்கம் மானியம் அனுப்பும்.

ஐந்து வருடமாகியும் எனக்கு இது முழுதாகப் பிடிபடவில்லை. கோதுமை கூடிப்போய் விலை விழுகிறது, மண் காற்றோடு போகிறது, அதனால் பயிரிடாமல் இருப்பவருக்குப் பணம். காகிதத்தில் படித்தால் நியாயமாக இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் குழம்பிப்போகிறது. மீதி நிலத்தைப் பக்கத்து வீட்டு டெல்மருக்குக் குத்தகைக்கு விட்ட பிறகு உங்கள் தம்பிக்கு வசந்தத்தில் செய்ய ஒன்றுமில்லை. நேற்று டெல்மர் விதைப்பு எந்திரத்தை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனபோது இவரும் எழுந்து கோட்டை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மேக்க. கோதுமை போடணும்ல."

"மேக்க புல்லுதானே இருக்கு."

"ஆமாமா, புல்லு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் கோட்டைக் கழற்றாமலேயே மேஜையருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் சின்ன வயதில் மேற்குத் துண்டில் கோதுமைக்கு முன்னால் தீவனப் புல்தான் இருந்ததா? அதைப் பற்றி இப்போது அதிகம் பேசுகிறார்.

அன்புடன்,
வெர்னா

* * *

யூஜின், ஓரிகன்
19 ஏப்ரல் 1992

வெர்னா,

உன் கடிதம் கிடைத்தது. என் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே மழை. இந்த ஊரில் வேறென்ன இருக்கும்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பென்சில் குறி போட்டது நல்லதாயிற்று, இல்லையென்றால் எங்கள் வாஷிங்டன் எஜமானர்களின் பெயருக்கு மேலேயே போட்டிருப்பேன். ஒவ்வொரு வருடமும் இந்தக் காகிதத்தைப் பார்க்கும்போது அப்பாவை நினைத்துக்கொள்வேன். பயிரிடாததற்குக் காசு என்று அவரிடம் சொல்லியிருந்தால், சொன்ன ஆளை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சூப் கொடுத்து, பைத்தியம் தெளிந்ததும் அனுப்பியிருப்பார். நான் அப்படியில்லை. போன வருடத்துப் பங்கில்தான் கூரை மாற்றினேன். தலைமேல் அரசாங்கம் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆமாம், மேற்குத் துண்டு தீவனப் புல்தான். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது. பிறகுதான் அப்பா அதை உழுது கோதுமை போட்டார்.

போன ஞாயிறு தம்பி மில்பர்ட் எனக்குப் போன் செய்தான். நீ சர்ச்சில் இருந்திருப்பாய். குதிரைகளைப் பற்றிப் பேசினோம். குதிரைகள் விஷயத்தில் அவனுக்கு நல்ல ஞாபகம்.

அவன் எப்படி இருக்கிறான்?

அல்வினா

* * *

கிரேன்டால்
26 ஜூன் 1992

அன்புள்ள அல்வினாவுக்கு,

இங்கே நலம். அங்கே உங்கள் நலத்தை அறிய ஆவல். பதில் எழுத இரண்டு மாதமாகிவிட்டது, மன்னிக்கவும். தோட்டத்தில் வேலை, பள்ளிக்கூட நூலகத்தில் வருடக் கணக்கெடுப்பு. உங்கள் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார்.

இது கொஞ்சம் சங்கடமான கடிதம். மேற்குத் துண்டில் புல் வெட்டப்பட்டிருக்கிறது. முழுவதும் இல்லை, ரோட்டுப் பக்கம் பாதிக்கு மேல். வெட்டி, காயவைத்து, கட்டும் கட்டப்பட்டிருக்கிறது. விவசாய அலுவலகத்துப் பெண் ஜானிஸ் வேறு ஏதோ அளப்பதற்கு வந்தவள் பார்த்துவிட்டாள். இது காட்டுக்கோழிகள் முட்டையிட்டு அடைகாக்கும் காலம். இந்தச் சமயத்தில் வெட்டுவதைத்தான் ஒப்பந்தம் மிகக் கடுமையாகத் தடுக்கிறது. கட்டுகளுக்கு நடுவே உடைந்த முட்டைகளை நானே போய்ப் பார்த்தேன். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், என் கட்டைவிரல் அளவுக்கு. ஒரு தாய்க்கோழி வெட்டிய இடத்தையே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. தன் கூடு எது என்று அதற்கே தெரியவில்லை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவன் இரண்டு ஞாயிறு சர்ச்சுக்கு வரவில்லையென்றால் உடம்பு முடியவில்லை என்று முடிவுகட்டி, கேட்காமல்கூட வந்து அவன் வயல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜூன் தொடக்கத்தில் எங்களுக்கு ஜலதோஷம், சர்ச்சுக்குப் போகவில்லை. அப்படி ஏதாவது நடந்திருக்கலாம்.

ஆகஸ்டில் மாவட்டக் கமிட்டி கூடுகிறது. ஒப்பந்தத்தை மீறியதாக அவர்கள் தீர்மானித்தால், இத்தனை வருடம் வாங்கியதையெல்லாம் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். நீங்களும் கையெழுத்திட்டிருப்பதால் உங்கள் பங்கையும். எங்களுக்கு வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை விற்றால்தான் முடியும். உங்களுக்கு என்னவாகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கூரையைத் திருப்பிக் கழற்றவா முடியும்?

தயவுசெய்து போன் செய்ய வேண்டாம். எங்கள் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அவரும் பெரும்பாலும் சமையலறையில்தான் இருக்கிறார்.

வெர்னா

* * *

யூஜின்
3 ஜூலை 1992

வெர்னா,

நான் நலம். கூரையும் நலம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோழியைப் பற்றி எழுதியிருக்கிறாய், முட்டையின் நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். வெட்டியது யார் என்று எழுதவில்லை. "வெட்டப்பட்டிருக்கிறது" என்றால் என்ன அர்த்தம், புல் தானாகவே படுத்துக்கொண்டதா?

ஒரே ஒரு கேள்வி. கட்டுகள் பெரிய உருண்டைகளா, சின்னச் சதுரங்களா? போன தடவை நான் வந்தபோது சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் உருண்டைதான் கட்டினார்கள். சின்னச் சதுரம் கட்டும் பழைய எந்திரம் நம் கொட்டகையில் மட்டும்தான் இருந்தது, பூனைகள் அதற்குள் குட்டி போட்டு வைத்திருந்தன.

நான் கோபமாக இல்லை. பணம் போனால் போகட்டும் என்று சொல்லும் அளவுக்கு நான் பணக்காரியும் இல்லை. ஆனால் அண்டை வீட்டார் தலையில் எதையும் கட்டிவிடாதே.

என் தம்பி எப்படி இருக்கிறான்? "நலம்" என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் எழுது.

அல்வினா

* * *

கிரேன்டால்
11 ஜூலை 1992

அன்புள்ள அல்வினாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று வெயில் கடுமை, இன்று ஆலங்கட்டி மழை. பீன்ஸ் கொடி எல்லாம் போயிற்று. நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சின்னச் சதுரங்கள்தான்.

மில்பர்ட்தான் வெட்டினார். நான் அன்று நூலகத்தில் இருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பார்த்தேன், சட்டையெல்லாம் வியர்வையோடு கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாக அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. காரை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு, இறங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தேதியைத் தவறாக நினைத்துவிட்டார். எந்த மாதத்தில் வெட்டலாம், எந்த மாதத்தில் கூடாது என்பதில் குழப்பம். விதிகளும் அப்படித்தானே எழுதப்பட்டிருக்கின்றன, படித்த எனக்கே தலை சுற்றுகிறது. அவருக்குக் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

நேற்று டெல்மர் வந்தான். அவனுக்கு ஆப்ரிகாட் கூகன் கேக் வெட்டி வைத்தேன். தட்டைத் தொடாமல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"வெர்னா, கமிட்டில நான்தான் வெட்டினேன்னு சொல்லிடறேன்."

"நீ எதுக்குச் சொல்லணும்?"

"பக்கத்து வீட்டுக்காரன் தெரியாம வெட்டிட்டான்னா உங்க மேல தப்பு வராதுல்ல. எனக்கு நாலு திட்டு விழும். என் பொண்டாட்டிகிட்ட வாங்கறதுதானே, புதுசா என்ன?"

"மில்பர்ட் வெறுமனே தேதியை மறந்துட்டாரு, டெல்மர்."

"ஆமா ஆமா. தேதிதான்" என்றான். ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் ஏன் முன்வந்தான் என்று எனக்கு விளங்கவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. நீங்கள் எழுதியது நினைவிருந்தும் சொல்லவில்லை.

வெர்னா

* * *

யூஜின்
17 ஜூலை 1992

அன்பு வெர்னா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுதான் சரியில்லை.

நீ அனுப்பிய காகிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். எந்த மாதத்திலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. தேதியில் குழம்ப அதில் இடமே இல்லை.

நான் ஓரிகனுக்கு வந்த புதிதில் அம்மா மாதம் ஒரு கடிதம் போடுவாள். "அப்பா நன்றாகத் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று தொடங்கும். ஒரு வருடம் முழுக்க அதையே எழுதினாள். நான் ஊருக்கு வந்தபோது அப்பா எழுந்து நின்று கைகுலுக்கி, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார். அவருக்கு அப்போது அறுபது வயதுகூட ஆகவில்லை.

ஏப்ரலில் உன் கடிதத்தில் அந்த வாக்கியத்தைப் பார்த்தேன். ஜூனில் வார்த்தைகளை இடம் மாற்றி மறுபடி எழுதியிருந்தாய். மில்பர்ட் என்னிடம் போனில் பேசிய குதிரைகள், அவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போதே விற்றுவிட்டவை. அவற்றுக்கு யார் தீனி போடுகிறார்கள் என்று கேட்டான். நீதான் போடுவாய் என்று சொன்னேன்.

கமிட்டியில் உண்மையைச் சொல். அது பணத்துக்காக மட்டுமில்லை. அம்மா யாரிடமும் சொல்லாமல் தனியாகவே பார்த்துக்கொண்டாள். அது அவளை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

அல்வினா

* * *

யூஜின்
30 ஜூலை 1992

வெர்னா,

இரண்டு வாரமாகத் தபால்காரன் வெறுங்கையோடு போகிறான். உனக்கு என் மேல் கோபமென்றால் அதையாவது எழுது. நான் அழுத்தமாக எழுதிவிட்டேனோ என்று குழம்பிப்போயிருக்கிறேன். எனக்கு மென்மையாக எழுத வராது. இருபது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்தவள், அங்கே கத்தினால்தான் காது கேட்கும்.

சாப்பிடுகிறாயா? அவனைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன்.

அல்வினா

* * *

கிரேன்டால்
14 ஆகஸ்ட் 1992

அன்புள்ள அல்வினாவுக்கு,

சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபமில்லை. உங்கள் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அது அங்கே இல்லாதது போல மூன்று வாரம் ரொட்டி சுட்டேன். நேற்று முன்தினம் கமிட்டி கூடியது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால் எனக்கும் தெளியுமோ என்று பார்க்கிறேன்.

கமிட்டி என்றால் வேறு யார், நம் ஆட்களே ஓட்டுப் போட்டு உட்காரவைத்த மூன்று விவசாயிகள். வில்மர்தான் தலைவர். எதிரில் ஜானிஸ், நடப்பதை எழுதிக்கொள்ள. மில்பர்ட் சர்ச்சுக்குப் போடும் சூட்டில் வந்திருந்தார், ஷூவுக்குப் பாலீஷ்கூடப் போட்டிருந்தார். பின்வரிசையில் டெல்மர். அவனுக்குப் பக்கத்தில், எதற்கென்றே தெரியாமல், தானியக் கிடங்கு நடத்தும் ஓட்டோ. நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் காரிலேயே தயார்செய்து வைத்திருந்தேன். "தேதியில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது."

வில்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மேற்குத் துண்டுல புல்லை வெட்டினது யாரு?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் டெல்மர் எழுந்துவிட்டான்.

"நான்தான். மில்பர்ட் ரெண்டு வாரம் சர்ச்சுக்கு வரலை. முடியலை போலன்னு வெட்டிக் குடுத்தேன்."

அதே நேரத்தில் ஓட்டோவும் எழுந்தான். "அவன் இல்லை. நான் வெட்டினேன்."

டெல்மர் திரும்பிப் பார்த்தான். "நீயா? கிடங்குல உக்காந்து காபி குடிக்கிறதைத் தவிர உனக்கு என்ன தெரியும்? டிராக்டர்ல எந்தப் பக்கம் மூஞ்சின்னு தெரியுமா?"

"நீ வெட்டியிருந்தா கட்டு உருண்டையா இருந்திருக்கும். சின்னக் கட்டு கட்டற மெஷின் உன்கிட்ட எங்க இருக்கு?"

"உன்கிட்ட மட்டும் இருக்கா?"

"இரவல் வாங்கினேன்!"

"யார்கிட்ட?"

"மில்பர்ட்கிட்டதான்!"

வில்மர் கண்ணாடியைக் கழற்றினான். "ஒரு வயலை ரெண்டு பேரு வெட்டியிருக்கீங்க. இன்னும் யாராச்சும் மிச்சம் இருக்கீங்களா? இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் வெட்டலை போல." எல்லோரும் சிரித்தார்கள். ஜானிஸ் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் யாரு பேரை எழுதறது?" என்றாள்.

அப்போது மில்பர்ட் எழுந்தார்.

"வாயை மூடுங்கடா ரெண்டு பேரும்" என்றார். அவர் குரல் அப்படிக் கணீரென்று வந்து எத்தனை நாளாயிற்று! "நான் வெட்டினேன். நேரா அடுக்கியிருக்கேன், போய்ப் பாருங்க. இவனுங்க அடுக்கினா அப்படியா இருக்கும்? அப்பா வெட்டச் சொன்னார். வியாழக்கிழமை மழைன்னார். நனைஞ்சா கறுத்துப் போயிடும்ல?" வில்மரைப் பார்த்துச் சொன்னார்: "உனக்குத் தெரியாதா ஜேக்கப்? அவர் சொல்லும்போது நீயும்தானே பக்கத்துல நின்னே."

ஜேக்கப் வில்மரின் அப்பா. சர்ச் மயானத்தில் உங்கள் அப்பாவுக்கு இரண்டு வரிசை தள்ளி இருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. வில்மர் மேஜையைப் பார்த்தான், பிறகு மில்பர்ட்டைப் பார்த்தான். "ஆமா மில்பர்ட். நின்னேன்" என்றான்.

ஜானிஸ் வெளியூர்க்காரி, அவள் மட்டும் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "எந்த அப்பா? ஒப்பந்தத்துல அவர் பேரைக் காணோமே. அவரும் பங்குதாரரா?"

"அவர் செத்து முப்பது வருஷம் ஆச்சு" என்றேன். காரில் தயார்செய்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. "என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் போய்க்கிட்டு இருக்கு." சொல்லி முடித்த பிறகுதான், இதை நான் எனக்குள்கூட ஒரு தடவையும் முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை என்று தெரிந்தது. மில்பர்ட் என் கையைத் தட்டிக்கொடுத்தார், யாருக்கோ வந்த கஷ்டத்துக்கு எனக்கு ஆறுதல் சொல்வது போல.

"எப்போலேர்ந்து?" என்று ஜானிஸ் கேட்டாள். பிப்ரவரி என்று சொல்ல வாயெடுத்தேன். வில்மர் முந்திக்கொண்டான்.

"போன வருஷம் அறுவடையிலேர்ந்து."

அல்வினா, எனக்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே வந்ததும் ஓட்டோ சொன்னான். நான்கு ரோடு கூடும் இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இவர் டிரக்கை நிறுத்திக்கொண்டு நிற்பாராம். பார்த்தவர்கள், "வா மில்பர்ட், உன் வீட்டுப் பக்கம்தான் போறேன், என் பின்னாலயே வா" என்று முன்னால் ஓட்டிக்கொண்டு வந்து விடுவார்களாம். எனக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோவேன் என்று என்னிடம் சொல்லவில்லையாம். அவர்களுக்குத் தெரியக் கூடாதென்று நான் பிப்ரவரியிலிருந்து ஜலதோஷத்தைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அவர்களிடம் மறைக்க, அவர்கள் என்னிடம் மறைக்க, ஊரே ஒரே பொய்யைச் சுமந்திருக்கிறது. எனக்கு அவமானமா, கோபமா, நிம்மதியா? ஒன்றும் தெரியவில்லை. காரில் ஏறி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினேன்.

முடிவு இன்னும் வரவில்லை. வேண்டுமென்றே செய்ததல்ல என்று கமிட்டி எழுதிவிட்டது. டாக்டர் கடிதம் வேண்டும். அதன் பிறகு மாநில அலுவலகம் சம்மதிக்க வேண்டும். அடுத்த வாரம் அவரை பிஸ்மார்க்குக்கு டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். டெல்மர் ஓட்டுகிறான்.

வெர்னா

* * *

யூஜின்
22 ஆகஸ்ட் 1992

அன்பு வெர்னா,

உன் கடிதத்தை வாசல்படியில் நின்றபடியே படித்து முடித்தேன். ஓட்டோவும் டெல்மரும் சண்டை போட்ட இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மாவுக்கு இப்படி ஒரு வில்மர் இருந்தானா என்று யோசிக்கிறேன். இருந்திருப்பான். அவள் சொல்லாததால் அவனும் சொல்லாமல் இருந்திருப்பான்.

மாநில அலுவலகம் என்ன சொன்னாலும் என் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக நீ நிலத்தை விற்காதே. தேவைப்பட்டால் மாடி அறையை ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு வாடகைக்கு விடுவேன், அவளும் புதுக் கூரையின் கீழே தூங்கட்டும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். நானும் அதே அப்பாவின் மகள்தான். காலையில் எழுந்ததும் இந்தத் தெருவில் இருப்பவர்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். மூலை வீட்டுக்காரியின் பெயர் வரவில்லை. ஆனால் அவள் பெயர் எனக்கு எப்போதுமே தெரியாது என்று நினைக்கிறேன்.

அக்டோபரில் அறுவடை முடிந்ததும் வருகிறேன். ரயில் டிக்கெட் வாங்கிவிட்டேன். மில்பர்ட் எழுந்து நின்று எந்த ஊர் என்று கேட்டால், யூஜின் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அல்வினா

* * *

கிரேன்டால்
4 அக்டோபர் 1992

அன்புள்ள அல்வினாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு, புதுத் தாள் எடுத்திருக்கிறேன். மில்பர்ட்டுக்கு நலமில்லை. பிஸ்மார்க் டாக்டர், நீங்கள் ஜூலையில் எழுதியதையே பெரிய வார்த்தைகளில் சொன்னார். இரவில் எழுந்து நடக்கிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். என் பெயர் இன்னும் தெரிகிறது. எனக்குச் சில நாள் சரியாக இருக்கிறது, சில நாள் இல்லை.

மாநில அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒப்பந்தம் நீடிக்கும். இந்த வருட மானியம் மட்டும் கிடையாது. பழையதைத் திருப்பித் தர வேண்டாம். நிலமும் வீடும் தப்பின, உங்கள் கூரையும் தப்பியது. இனி அவருக்குப் பதிலாக நான் கையெழுத்திட வேண்டும். அவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதும்போது ஜானிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புல் கட்டுகளை நாங்கள் விற்கவும் கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாதாம். வில்மர் லாரி அனுப்பி மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டுபோனான். பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்து ஆட்டுக்குட்டிகளைப் பார்த்தார்கள். மில்பர்ட்டை அழைத்துப் போனேன். ஒவ்வொரு கட்டாகக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "யாரோ நல்லாக் கட்டியிருக்கான்" என்றார்.

அப்புறம் அவர் தினமும் மேற்கே கிளம்ப ஆரம்பித்தார். கதவைப் பூட்டிப் பார்த்தேன், ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்தார். வில்மரிடம் போய் அழுதேன். அவன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். புல்லை வெட்டக் கூடாது, சரி. ஆனால் புல்லுக்குள் முளைக்கும் முள்செடிகளை அழிக்க வேண்டியது நிலக்காரரின் கடமை என்று அதிலேயே இருக்கிறது. கோழிகள் குஞ்சு பொரித்துப் போன பிறகு, அனுமதி வாங்கிக்கொண்டு, கையால் வெட்டலாம். அனுமதியை அங்கேயே எழுதிக் கொடுத்தான்.

இப்போது காலையில் டெல்மர் வருகிறான். அவனுக்கு விதைப்பு முடிந்து, அறுவடையும் முடிந்து, வேலையில்லை என்று பொய் சொல்கிறான். இருவரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே நடக்கிறார்கள். ஜன்னலில் நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டேன்.

"எதை வெட்டணும்?" என்றார் மில்பர்ட்.

"முள்ளை மட்டும். புல்லைத் தொடக் கூடாது."

"யாரு சொன்னது?"

"உங்க அப்பாதான் சொன்னார்" என்றான் டெல்மர்.

"அவர் சொன்னா சரி" என்றார்.

பயிரிடாத நிலத்துக்கு அரசாங்கம் ஏன் பணம் கொடுக்கிறது என்று எனக்கு இப்போதும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் நேற்றுச் சாயங்காலம் அவர்களைக் கூப்பிடப் போனபோது இடுப்பளவு புல் காற்றில் சாய்ந்து எழுந்தது. காட்டுக்கோழிகள் காலடியிலிருந்து படபடவென்று கிளம்பின. மில்பர்ட் தொப்பியை எடுத்துவிட்டு அவை போகிற திசையையே பார்த்தார். நானும் அவர்களைக் கூப்பிடாமல் நின்று அதே திசையைப் பார்த்தேன்.

ரயில் நிலையத்துக்கு ஓட்டோ காரோடு வருவான், நானும் வருவேன். கனமான கோட்டு கொண்டுவாருங்கள். ஓரிகன் கோட்டு இங்கே தாங்காது.

இதை எழுதும்போது மில்பர்ட் எதிரில் உட்கார்ந்து மாவு உருண்டை சூப் குடித்துக்கொண்டிருக்கிறார், இரண்டாவது தடவை. யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். அல்வினாவுக்கு என்றேன்.

"அவ அங்க தனியா கவலைப்பட்டுக்கிட்டு இருப்பா. அப்பா நல்லாத் தூங்கறார், நல்லா சாப்பிடறார்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
வெர்னா